வேகமான கேமில் மோஷன் ப்ளர்: ஓஎல்இடியா, ஸ்ட்ரோபிங் உள்ள எல்சிடியா?

மானிட்டர் பெட்டியில் ‘1 எம்எஸ்’ (மில்லிசெகண்ட்) என்று போட்டிருக்கும். ஆனாலும் மவுஸை வேகமாகத் திருப்பினால் எதிரில் நிற்பவன் கரைந்து போவான். அந்த எண் பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரத்தைச் சொல்வது, அதுவும் பெரும்பாலும் பேனலுக்குச் சாதகமான நிலையில் அளந்தது. இப்படிக் கரைந்து தெரிவதுதான் மோஷன் ப்ளர், அதற்குப் பெரிய காரணம் வேறு. பிளாட் பேனல் ஒவ்வொரு ஃபிரேமையும் அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. நம் கண்ணோ ஓடும் உருவத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நின்ற படத்தின் மேல் கண் நகர்வதால் விழித்திரையில் அது இழுபட்டுத் தெரிகிறது.

எவ்வளவு இழுபடும்? உருவம் வினாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் ரிஃப்ரெஷ் ரேட்டில், அதாவது திரை வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்போது, ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கிறது, ஆகவே 16 பிக்சல் இழுபடும். 120 ஹெர்ட்ஸில் 8, 240இல் 4, 480இல் 2. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், அது 0.03 மில்லிசெகண்டில் மாறிவிடும் என்கிறார்கள். மாறட்டும், 60 ஹெர்ட்ஸில் ஓடினால் அதே 16 பிக்சல் அங்கேயும் உண்டு. ஓஎல்இடி வாங்கினாலே ப்ளர் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்ட்ரோபிங் இதை வேறு வழியில் தீர்க்கிறது. எல்சிடிக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்டை அணைத்துவைத்து, ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் பளிச்சென்று எரியவிடுவது. என்விடியாவின் யுஎல்எம்பி, பென்க்யூவின் டையாக் எல்லாம் இந்த வகைதான். 1 மில்லிசெகண்ட் மட்டும் எரிந்தால் அதே வேகத்தில் இழுபடுவது ஏறக்குறைய 1 பிக்சல். வெறும் ரிஃப்ரெஷ் ரேட்டை வைத்து இதை எட்ட 1000 ஹெர்ட்ஸ் வேண்டும். ஓடும் உருவத்தின் தெளிவு மட்டும்தான் அளவுகோல் என்றால், 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடியை நல்ல ஸ்ட்ரோபிங் எல்சிடி தெளிவாகவே முந்தும்.

சரி, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? முதலில் வெளிச்சம் குறையும். கண் வலி, தலைவலி வருபவர்களும் உண்டு. எல்சிடி மேலிருந்து கீழாக வரி வரியாக மாறுவதால், பேக்லைட் எரியும் நேரத்தில் சில பிக்சல்கள் இன்னும் மாறி முடித்திருக்காது. அதனால் திரையின் நடுவில் உருவம் செதுக்கியதுபோல் இருக்கும். மேலேயோ கீழேயோ அதே உருவத்தை ஒட்டி மெல்லிய நகல் ஒன்று தெரியும். இதைவிடப் பெரிய தொல்லை, ஃபிரேம் ரேட் ரிஃப்ரெஷ் ரேட்டோடு அப்படியே பொருந்த வேண்டும் என்பது. 120 ஹெர்ட்ஸில் ஸ்ட்ரோபிங் போட்டு கேம் 60 ஃபிரேமில் ஓடினால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். கேமின் ஃபிரேம் ரேட்டுக்கு ஏற்ப ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு விஆர்ஆர் என்று பெயர். பெரும்பாலான மானிட்டர்களில் ஸ்ட்ரோபிங்கும் விஆர்ஆரும் சேர்ந்து வேலை செய்யாது.

அதனால் என் தேர்வு கேமைப் பொறுத்தது. கவுன்டர்-ஸ்டிரைக், வாலரன்ட் போல ஃபிரேம் ரேட் குறையாமல் நிற்கும் கேம்தான் உங்கள் உலகம் என்றால் ஸ்ட்ரோபிங் எல்சிடியை எடுங்கள். ஃபிரேம் ஏறி இறங்கும் பெரிய கேம்களும் சேர்ந்தால், 240 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள ஓஎல்இடி. எல்சிடியில் பிக்சலை வேகமாக மாறவைக்கத் தள்ளிவிடும் ஓவர்டிரைவ் செட்டிங்கின் தொல்லை கிடையாது, இருட்டிலும் உருவம் துல்லியம். ஒரு குறை மட்டும் உண்டு: மினிமேப், ஹெல்த் பார் போல ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும் படங்கள் நாளடைவில் தடம் பதித்துவிடலாம்.

எல்சிடியில் ஒரு வகையான விஏ பேனலை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. பல விஏ பேனல்களில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுவது மெதுவாக நடக்கும். இருட்டுச் சுரங்கத்தில் ஓடினால் தூண்களின் ஓரத்தில் கறுப்பு வால் இழுபடும்.

எதை வாங்கினாலும், கேம் செட்டிங்ஸில் ‘மோஷன் ப்ளர்’ இருக்கிறதா என்று பார்த்து முதலில் அணைத்துவிடுங்கள். அது கேமே வேண்டுமென்று சேர்க்கும் ப்ளர், எந்தப் பேனலாலும் அதை நீக்க முடியாது.