ஹேக்கத்தானா, செமஸ்டர் ப்ராஜெக்டா, தொடர் அணியா? பெங்களூர்க் கல்லூரிகளுக்கு ஓர் அலசல்

பெங்களூரில் வி.டி.யு. என்ற விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் பொறியியல் படிப்பவர் பட்டம் வாங்க, பாட கிரெடிட் போக, சமூகப் பணிகளுக்குத் தரும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஆக்டிவிட்டி பாயின்ட் 100 சேர்க்க வேண்டும். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 75. மூன்றாம் செமஸ்டரில் சமூகத் தொடர்பு பற்றிய பாடம் ஒன்றும் உண்டு. மரக்கன்று நட்டு போட்டோ எடுத்து பாயின்ட் வாங்குவதற்குப் பதில், சாஃப்ட்வேர் மாணவர்கள் சாஃப்ட்வேரே எழுதி ஊருக்கு உதவலாமே என்று துறையில் யாருக்காவது தோன்றும். சரியான எண்ணம்தான். அதை எந்த வடிவத்தில் நடத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கையில் நான்கு வடிவங்கள் இருக்கின்றன: ஹேக்கத்தான், செமஸ்டர் ப்ராஜெக்ட், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு, தொடர் அணி. நான்கையும் ஒரே வேலையை வைத்து உரசிப் பார்ப்போம். வார்டில் உள்ள உலர்கழிவு சேகரிப்பு மையம்: வரும் குப்பையைப் பெட் பாட்டில், பால் கவர், அட்டை, கண்ணாடி எனப் பிரித்து, எடை போட்டு, நோட்டில் எழுதி, மொத்த வியாபாரிக்கு விற்கிறார்கள். மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு கூலி என்று கூட்டிப் போட அரைநாள் போகிறது. அந்த நோட்டுக்கு ஒரு ஆப் வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

முதலில் ஹேக்கத்தான், அதாவது சில மணி நேரத்தில் ஒரு மாதிரி சாஃப்ட்வேரை எழுதி முடிக்கும் போட்டி. 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானைத்தான் பெரும்பாலான கல்லூரிகள் அளவுகோலாக வைத்திருக்கின்றன: ஆறு பேர் அணி, அதில் ஒரு பெண்ணாவது கட்டாயம், சாஃப்ட்வேர் இறுதிச் சுற்று 36 மணி நேரம். எதை வெட்டுவது, எதை வைப்பது என்று சட்டென முடிவெடுக்கும் பழக்கத்தை வேறெந்த வடிவமும் இத்தனை வேகமாகக் கொடுக்காது. ஆனால் நம் கழிவு மையத்துக்கு 36 மணி நேரத்தில் கிடைப்பது ஒரு லாகின் பக்கம், கற்பனை எண்கள் நிரப்பிய வண்ண வட்டப்படம், பத்து ஸ்லைடு. தரவைச் சேமிக்கும் கூகுளின் ஆன்லைன் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரை, சோதனைக்கான டெஸ்ட் மோடில் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். 30 நாள் கழித்து அந்த விதி தானாகக் காலாவதியாகி ஆப் ஊமையாகிவிடும். அதற்குள் அணி வேறு போட்டிக்குப் போயிருக்கும். வெளிச் சேவைகளைப் பயன்படுத்தக் கடவுச்சொல் போல இருக்கும் ஏபிஐ சாவியைக் கோடுக்குள்ளேயே எழுதி, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரிய வைப்பது தனிக் கதை.

இதைவிடப் பெரிய குறை, கேள்வித்தாளை வேறு யாரோ எழுதித் தருவது. ‘இந்தப் பிரச்சினை சரியாகத்தான் கேட்கப்பட்டிருக்கிறதா?’ என்று மாணவர் திருப்பிக் கேட்க அங்கே இடமே இல்லை. களத்தில் மூன்று வாரம் சுற்றி வந்த அணிக்கு, மாதிரி செய்து பார்க்கும் ஒருநாள் பட்டறையாக ஹேக்கத்தான் நன்றாகப் பயன்படும். மதிப்பெண்ணுக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஒரு செமஸ்டர் முழுக்க ஓர் அமைப்புக்காகச் செய்யும் ப்ராஜெக்ட். தாளில் 15 வாரம். இன்டர்னல், லேப் தேர்வு, பண்டிகை போக 11 வாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலான அணிகள் முதல் வாரமே ரியாக்டில் (திரைகளை உருவாக்கும் ஒரு கருவி) கோடு எழுதத் தொடங்கிவிடுகின்றன. முதல் மூன்று வாரம் லேப்டாப்பைத் திறக்கவே விடக் கூடாது. நோட்டும் பேனாவுமாக மையத்தில் மூன்று காலைகளாவது நிற்க வேண்டும். எடைமேடை பக்கத்திலேயே நிற்க வேண்டும். நான்காம் வாரம் தாளில் வரைந்த ஸ்கிரீன். ஏழாம் வாரத்துக்குள் ஒரே ஒரு பொருளுக்கு, உதாரணத்துக்கு அட்டைக்கு மட்டும், உண்மையான எடைப்பதிவு. மீதி வாரங்கள் திருத்தத்துக்கு. செமஸ்டர் காலண்டரின் 13-ஆம் வாரத்துக்குப் பிறகு புது வசதி எதையும் சேர்க்கக் கூடாது.

எடைமேடை பக்கத்தில் நின்றால்தான் தெரியவரும் விஷயங்கள் உண்டு. ‘ரெண்டே முக்கால்’ என்று குரல் வரும். ஆப் ஒரு தசம இடத்தோடு வெட்டிவிட்டால் 2.75 போய் 2.7 ஆகும். 50 கிராம்தானே என்று தோன்றலாம். நாளுக்கு 40 பதிவில் இப்படி நடந்தால் 2 கிலோ, யாரோ ஒருவர் கூலியில் குறைகிறது. எடையைக் கிராமில் முழு எண்ணாகச் சேமித்தால் இந்தச் சிக்கல் பிறக்கவே பிறக்காது. இது டேட்டாபேஸ் பாடத்தில் வரும் சங்கதிதான். அங்கே அது யாருடைய கூலியையும் தொடுவதில்லை, அவ்வளவே.

அடுத்தது மொழி. மையத்தில் தமிழ் பேசுகிறார்கள் என்று கேட்டதும் ‘தமிழ்’ என்று ஒரு பட்டன் வைத்துவிடுவார்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படித்தவர்கள் நிறைய. அவர்களுக்குத் தமிழ் காதுக்குப் பழக்கம், கண்ணுக்கு இல்லை. சிலருக்கு எந்த எழுத்துமே சிரமம். எனவே பேசும் மொழி, படிக்கும் மொழி இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: தமிழில் ஒலி, கன்னடத்தில் எழுத்து, பொருளுக்குப் படம். படம் இணையத்தில் கிடைத்த ஐகானாக இருக்கக் கூடாது. அந்த மையத்துக் குவியலையே எடுத்த போட்டோவாக இருக்கட்டும். ‘தம்பி, இது எங்க கவர் மாதிரியே இல்லியே’ என்று ஒரு அக்கா சொன்னால், அந்த வாரத்தின் டெஸ்ட் ரிப்போர்ட் அதுதான்.

தமிழ் எழுத்தைச் சேமிப்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியீடு. அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட். பைட் அளவில் நீளம் வரையறுத்த பெயர்ப் பெட்டி, பெயரின் பாதியில் வெட்டும். ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் ‘கொண்டம்மா’ அகப்பட மாட்டார். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவுக்கு மாற்ற ஒரு வரி கோடு போதும்.

குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று கிளம்பும் அணி இரண்டு இடத்தில் முட்டும். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் எஸ்எம்எஸ், தமிழிலோ கன்னடத்திலோ 70 குறியீட்டோடு முடிந்துவிடும். இன்னொன்று, இந்தியாவில் அமைப்புகள் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, நிறுவனத்தின் பெயர், அனுப்புநர் தலைப்பு, செய்தி வாசகம் மூன்றையும் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். மாணவர் பெயரில் இது நடக்காது. 12-ஆம் வாரத்தில் இதைக் கண்டுபிடித்தால் கதை முடிந்தது. இரண்டாம் வாரமே அமைப்பிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் சுவரில் ஒட்டும் அச்சுத்தாள் போதும்.

அப்புறம் மாணவர்களுக்குப் பிடித்த லீடர்போர்டு. ‘இந்த வாரம் அதிகம் பிரித்தவர்’ என்று பெயர்ப்பட்டியல் போடுவது விளையாட்டாகத் தெரியும். கூலி கொடுப்பவர் கையில் அது கடைசி இடத்துக்காரரை நிறுத்தும் ஆயுதம். ஏ.சி.எம். என்ற சர்வதேசக் கணினியியல் சங்கம் 2018-இல் திருத்திய நெறிமுறையின் முதல் விதியே சமூக நலனுக்குப் பங்களிப்பதுதான்; அதை வகுப்பில் படித்து ஒப்பிக்க வைப்பதைவிட, ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ‘இதை யார் யாருக்கு எதிராகத் திருப்பலாம்?’ என்று ஒரு வரி எழுத வைப்பது மேல். தரவும் அப்படியே: ஆதார் எண் வேண்டாம், பிறந்த தேதி வேண்டாம், கூலிக் கணக்குக்குப் பெயரும் ஒரு எண்ணும் போதும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தரச் சொல்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துக் காட்டுவது அணியின் பொறுப்பு.

இத்தனையும் சரியாகச் செய்த அணிக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ப்ளே ஸ்டோர் கணக்கு ஒரு மாணவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவர் வேலைக்குப் போய்விடுவார். புது ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்கச் சொல்லி கூகுள் அனுப்பும் மெயிலை யாரும் பார்க்க மாட்டார்கள். மையத்தில் போன் மாற்றினால் ஆப் போச்சு. ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட் களத்தைக் காட்டுகிறது, பராமரிப்பைக் காட்டுவதில்லை.

மூன்றாவது ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு, அதாவது கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் சாஃப்ட்வேரில் திருத்தம் செய்து தருவது; இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏற்கெனவே ஓடும் ஒன்றைத் திருத்துவதால் அது அனாதையாகாது. பெங்களூரிலேயே 2003-இல் உருவான இகவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷனின் டிஜிட் (நகராட்சி சேவைகளுக்கான தளம்), ஐ.ஐ.ஐ.டி. பெங்களூரில் வளர்ந்த மோசிப் (அடையாள அட்டைக்கான தளம்) இரண்டின் கோடும் திறந்தே இருக்கிறது. தொடக்கநிலை மாணவருக்கு, யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பஸ் ஸ்டாப்புகளுக்குத் தமிழ், கன்னடப் பெயர் சேர்ப்பதுகூட நல்ல வேலைதான். நேரில் பார்த்து எழுத வேண்டும். கூகுள் மேப்பிலிருந்து எடுத்துப் போட்டால் உரிம மீறல். மதிப்பெண்ணைத் திருத்தங்களின் எண்ணிக்கையோடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஓப்பன் சோர்ஸ் நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்டின் 2020-ஆம் ஆண்டுக் கதை சாட்சி: ஒரு டி-ஷர்ட்டுக்காகக் குப்பைத் திருத்தங்கள் குவிந்து, விருப்பப்பட்ட ப்ராஜெக்டுகள் மட்டும் சேரலாம் என்று விதியை நடுவழியில் மாற்ற வேண்டிவந்தது. பராமரிப்பாளர்களின் நேரமும் பொதுச்சொத்துதான். நம் கழிவு மையத்துக்கு இந்த வழி தரக்கூடியது, புது ஆப் எழுதாமல், களத் தகவல் சேகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவியான கோபோ டூல்பாக்ஸிலேயே ஒரு படிவம். பல சமயம் அதுவே போதும்! அப்படிச் சொல்லும் துணிச்சல் உள்ள அணிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

நான்காவது தொடர் அணி. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் எபிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய முறை: ப்ராஜெக்ட் நிலைத்திருக்கும், மாணவர்கள் செமஸ்டருக்குச் செமஸ்டர் வந்து போவார்கள். நம் பாடத்திட்டத்தில் இதைத் தனிப் பாடமாக்க வழியில்லாவிட்டாலும் இருக்கும் பாடங்களை இணைத்துத் தைத்துவிடலாம். மூன்றாம் செமஸ்டரின் சமூகத் தொடர்புப் பாடத்தில் மூன்று பேர் கள ஆய்வுக்கு. மினி ப்ராஜெக்டில் மூன்று பேர் திருத்தத்துக்கு. கடைசி ஆண்டில் இரண்டு பேர் பெரிய மாற்றத்துக்கு. எட்டுப் பேர், ஒரே மையம், இரண்டு ஆண்டு. கணக்குகள் எல்லாம் துறையின் பொது மெயிலில். சாவிகள் ஆசிரியரிடமும் அமைப்பிடமும்.

இதிலும் கெடும் இடங்கள் உண்டு. புதிதாக வரும் ஜூனியர், பழைய கோடு புரியவில்லை என்று எல்லாவற்றையும் வேறு ஃப்ரேம்வொர்க்கில் முதலிலிருந்து எழுதக் கிளம்புவார். முதல் ஆறு வாரம் பிழை திருத்தம் மட்டுமே என்று விதி வைத்தால் அடங்கும். சீனியர்கள் கோடு எழுத, ஜூனியர்கள் டீ வாங்கி வருவதும் நடக்கும். ஒப்படைப்பை ஜூனியர்தான் தேர்வு செய்ய வேண்டும்: சீனியர் எழுதிய குறிப்பை மட்டும் வைத்து, புது லேப்டாப்பில் ஒரு மணி நேரத்தில் ஆப்பை ஓட்டிக் காட்டினால் சீனியருக்கு 20 மதிப்பெண், முடியாவிட்டால் பூஜ்யம். சண்டை வரும், வரட்டும். மையத்திலிருந்து வரும் புகாருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பதில் போகிறதா என்பதற்கு இன்னொரு 20.

இதற்கு ஆகும் உண்மையான செலவு ஆசிரியரின் நேரம். ஒருவர் இரண்டு மையங்களுக்கு மேல் பார்க்க முடியாது. செமஸ்டர் விடுமுறையிலும் போன் வரும். அந்த நேரத்தை வேலைப்பளுக் கணக்கில் சேர்க்காத துறை இதைத் தொடங்க வேண்டாம். ஓப்பன் சோர்ஸ் பக்கம் போகட்டும். சேர்க்கும் துறைக்கு நான்கில் தொடர் அணியே சரி. ஆப் நின்றால் மாணவரையே கூப்பிடும் ஆள் அங்கேதான் இருக்கிறார்.

தொடங்கும் நாளிலேயே முடிக்கும் வழியையும் எழுதி வையுங்கள். எல்லாத் தரவையும் எக்செல் தாளாக இறக்கும் பட்டன் முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும். பழைய நோட்டை முதல் மூன்று மாதம் நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரம் ஒருநாள் இரண்டையும் கூட்டிப் பார்த்து, தொகை ஒத்துப்போகாத வரிசையில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். அந்த வட்டங்கள்தான் அடுத்த அணிக்கான வேலைப் பட்டியல்.