ஸ்டான்லி மேத்யூஸை நான்கு மாலைகளில் காட்டிய கும்பகோணத்துத் திரையிடல்

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஞாயிறு மாலைகளில் பழைய கால்பந்து ஆட்டங்களைத் திரையிட்டுத் தமிழில் விளக்கி வருகிறார். அண்மையில் நான்கு வாரத் தொடராக அவர் எடுத்துக்கொண்டது, இங்கிலாந்தின் வலது விங்கர், அதாவது மைதானத்தின் வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோகும் முன்கள ஆட்டக்காரர், ஸ்டான்லி மேத்யூஸின் கிளப் வாழ்க்கை. கட்டணம் பெரியவர்களுக்கு 60 ரூபாய், மாணவர்களுக்கு 20 ரூபாய். நாட்டு அணிக்காக மேத்யூஸ் ஆடியதை அறவே ஒதுக்கிவிட்டு, ஸ்டோக் சிட்டி, பிளாக்பூல் என்ற இரண்டே கிளப்புகளுக்குள் நின்று முழுக் கதையையும் சொல்வது என்று ஆசிரியர் எடுத்த முடிவே இத்தொடரின் பெரிய பலம்.

முதல் மாலை ஸ்டோக் நகரத்துக்கு உரியது. பீங்கான் சூளைகள் நிறைந்த அந்த ஊரில், முடிதிருத்துபவராகவும் குத்துச்சண்டை வீரராகவும் இருந்த ஒருவரின் மகனாக 1915இல் பிறந்த மேத்யூஸ், 17 வயதில் ஸ்டோக் சிட்டியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1938இல் அவர் கிளப்பை விட்டுப் போக விரும்பியபோது, அவரைப் போகவிடக் கூடாது என்று 3,000க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் கூட்டம் கூடினார்கள், அவரும் தங்கிவிட்டார். ஆசிரியர் இந்த இடத்தில் நிதானமாக நின்று, தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த ஒரு ஊருக்குச் சனிக்கிழமை ஆட்டம் என்னவாக இருந்தது என்பதை விளக்கிய விதம் அருமை. மன்னார்குடியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்திருந்த பையன்கள் ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

இரண்டாம் மாலை அவ்வளவு நிறைவு தரவில்லை. 1939இல் போர் மூண்டு லீக் ஆட்டங்கள் நின்றபோது மேத்யூஸுக்கு வயது 24. லீக் மீண்டும் தொடங்கியபோது 31. ஒரு விங்கரின் வேகம் உச்சத்தில் இருக்கும் அந்த ஆண்டுகளை ஆசிரியர் ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிட்டார். விமானப் படைப் பணியில் பிளாக்பூலில் இருந்தபோது ஸ்டோக்கின் ஆட்டக்காரராக இருந்துகொண்டே அந்தக் கிளப்புக்காகவும் மேத்யூஸ் விருந்தினராக ஆடினார் என்பதைச் சொல்லாமல் விட்டால், 1947இல் அவர் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது கேட்பவர்களுக்கு விளங்காது. ஆனால் அந்த மாற்றத்தின் பணக்கணக்கை அவர் விளக்கியது மிகத் தெளிவு. பிளாக்பூல் கொடுத்த 11,500 பவுண்டும் ஸ்டோக் கிளப்புக்கே போயிற்று. ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்துக்கு அன்று இங்கிலாந்தில் உச்சவரம்பு இருந்ததால், அரங்குகளை நிரப்பிய மேத்யூஸும் அந்த வரம்புக்குள்தான் வாங்கினார்; 1961இல்தான் அது நீங்கியது. அந்த 1947ஆம் ஆண்டில், கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் தோற்று லீக் பட்டத்தை இழந்தது ஸ்டோக். அப்போது மேத்யூஸ் அணியில் இல்லை என்று ஆசிரியர் சொன்னதும் மாடியில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

மூன்றாம் மாலைக்காக மட்டுமே 60 ரூபாய் கொடுக்கலாம். இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பையின் 1948 இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடமும் 1951இல் நியூகாசிலிடமும் பிளாக்பூல் தோற்றதை முதலில் சொல்லிவிட்டு, அதே கோப்பைக்காகப் போல்டன் கிளப்புடன் நடந்த 1953ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு வந்தார். 3-1 என்று பின்தங்கிய நிலையில், 38 வயது மேத்யூஸிடம் பந்து போகும்போதெல்லாம் படத்தை நிறுத்தி, அவர் உடலை உள்பக்கம் சாய்த்து, எதிரே நிற்கும் ஃபுல்பேக்கும் (ஓரத்துத் தடுப்பாட்டக்காரரும்) அப்படியே சாய்ந்ததும், பந்தை வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டு கோட்டோரமாகப் பாய்வதை ஆசிரியர் மெதுவாக ஓட்டிக் காட்டினார். வாய்க்காலில் எதிர்நீச்சல் போடும் கெண்டை திரும்புவதைப் போல, அத்தனை சுருக்கமான அசைவு அது. கடைசி நிமிடத்தில் அவர் பின்னோக்கித் தள்ளிய பந்தை பில் பெர்ரி கோலாக்க, ஆட்டம் 4-3 என்று முடிந்தது. உலகம் அதை மேத்யூஸின் ஆட்டம் என்று கொண்டாடினாலும், மூன்று கோல் அடித்தவர் ஸ்டான் மார்டென்சன் என்பதையும், அந்தப் பெருமை மார்டென்சனுக்கு உரியது என்று மேத்யூஸே சொல்லிவந்ததையும் ஆசிரியர் அழுத்திச் சொன்னார். பிறர் கோல் அடிக்க வழி செய்வதே விங்கரின் வேலை என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு நன்றாகக் கற்றுத்தராது என்று நம்புகிறேன்.

நான்காம் மாலையில் சொல்ல வேண்டியவை ஏராளமாக இருந்தும் நேரம் போதவில்லை. ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கென 1956இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பாலன் தோர் விருது அவருக்குக் கிடைத்தது; 1961இல், 46 வயதில், லீக்கின் முதல் டிவிஷனுக்கு அடுத்த படியான இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்த ஸ்டோக் சிட்டிக்கே திரும்பினார்; எட்டாயிரம் பேர் வந்துகொண்டிருந்த மைதானத்துக்கு அவர் திரும்பிய அன்று 35,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1963இல் லூட்டன் அணிக்கு எதிராக 48 வயதில் அவர் அடித்த கோலும் சேர்ந்து ஸ்டோக்கை முதல் டிவிஷனுக்கு உயர்த்தியது. 1965 பிப்ரவரி 6 அன்று, 50 வயது நிறைந்த ஐந்தாம் நாள், ஃபுல்ஹாமுக்கு எதிராகத் தம் கடைசி லீக் ஆட்டத்தை ஆடினார். அந்த வயது வரை ஆடியதற்கான காரணங்களுள் ஒன்றாக, திங்கட்கிழமைதோறும் அவர் உண்ணாமல் இருந்த பழக்கத்தைச் சொன்னபோது, சோமவார விரதம் இருக்கும் பாட்டிமார் இருவர் முகம் மலர்ந்தது. இந்தப் பகுதியை இரண்டு மாலைகளாகப் பிரித்திருக்கலாம்.

வசதிகளில் இரண்டு குறைகள். மேற்குச் சன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லாததால் ஆறு மணி வரை படம் வெளிறித் தெரிகிறது. ஆங்கில வர்ணனையின் ஒலியைக் குறைக்காமலே ஆசிரியர் பேசுவதால் பின்வரிசைக்குச் சில சொற்கள் எட்டுவதில்லை. முன்னால் உட்காருவது நல்லது. இடைவேளையில் தரும் டிகிரி காபிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. நிகழ்ச்சி முடிய எட்டரை மணி ஆகிவிடுகிறது என்பதால், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் பேருந்து நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வரவும். பள்ளி அணிகளில் ஓரத்தில் ஆடும் பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள்.