பூஜ்ஜிய நேரமா, விதி 377-ஆ?

ஊரில் ரயில் நிற்பதில்லை என்று மக்கள் மனு கொடுக்கிறார்கள். மக்களவை உறுப்பினர் அதை எந்த வழியில் எழுப்பலாம்?

கேள்வி நேரம் முடிந்து பகல் 12 மணிக்கு வருவது பூஜ்ஜிய நேரம்; அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம். விதிப்புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது. குலுக்கலில் பெயர் வர வேண்டும், பேசக் கிடைப்பதோ ஓரிரு நிமிடங்கள். ஆனால் அன்று மாலையே காணொளி தொகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். (பலருக்கு அதுதான் முக்கியம்.) அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

மக்களவை நடைமுறை விதிகளில் ஒன்றான விதி 377-இல் பிரச்சினையை 250 சொற்களுக்குள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்றுதான். பல நாட்களில் வாசிக்கவே விடாமல் அவையில் வைத்ததாகக் கணக்கு. சரி, லாபம்? அமைச்சரிடமிருந்து எழுத்தில் பதில் வரும். ரயில் நிறுத்தம் போல கோப்பு நகர வேண்டிய வேலைக்கு 377-தான் சரி. புயல் நிவாரணம் போன்ற அவசரத்துக்கு அது ஆகாது; அதற்குப் பூஜ்ஜிய நேரம்தான்.