வில் செய்ய யூ மரக்கட்டை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

180 பவுண்டு. ஒரு துண்டு மரத்துக்கு 180 பவுண்டு. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் வில் செய்து பார்க்கிற நம்மாட்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் இது. கட்டை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது தட்டை வில். லாங்போ என்கிற ஆளுயர இங்கிலீஷ் வில் போலத் தடித்து உருண்டு இல்லாமல், கைகள் (பிடிக்கு இரண்டு பக்கமும் வளைகிற பகுதிகள்) அகலமாகவும் மெல்லிசாகவும் இருப்பது. சாமர்செட்டில் மீர் ஹீத் சதுப்பு நிலத்தில் 1961-ல் தோண்டியெடுத்தார்களே, 4,500 ஆண்டுக்கு மேல் பழைய யூ வில், அந்த வகை. யூ மரத்தில் மரப்பட்டைக்கு அடியில் இருக்கும் வெள்ளை நன்றாக இழுபடும். உள்ளே செம்பழுப்பாக இருக்கும் வைரம் அழுத்தத்தைத் தாங்கும். வில்லின் முதுகுக்கு, அதாவது குறியைப் பார்த்த பக்கத்துக்கு வெள்ளை; வயிற்றுக்கு, அதாவது நம்மைப் பார்த்த பக்கத்துக்கு வைரம். இரண்டும் ஒரே கட்டையில் ஒட்டியே வளர்ந்திருப்பதால்தான் இந்த விலை கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

பழைய சாமான், கைவேலைச் சாமான் எல்லாம் விற்கிற ஒரு இணையச் சந்தையில்தான் இந்த ஆளைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். ஆறடிக் கட்டை, மலைச்சரிவில் மெதுவாக வளர்ந்தது, அங்குலத்துக்கு 40 வளர்ச்சி வளையம், 2 வருடம் நிழலில் காயவைத்தது என்று போட்டிருந்தான். போனில் பேசினேன். என்ன பேச்சு! 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுத்த யூ விற்கள், 1472-ல் எட்வர்ட் அரசர் போட்ட சட்டம், இறக்குமதியாகும் சரக்கில் டன்னுக்கு நான்கு வில் கட்டை கட்டாயம் வர வேண்டும் என்றது, எல்லாம் சொன்னான். வரலாறு அத்தனையும் உண்மை. கட்டை ஒன்றுதான் பொய்.

நான் நம்பியது அந்தக் கதையை வைத்து இல்லை. கட்டையின் இரண்டு முனையிலும் தடிமனாகச் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தான். முனையை மூடாமல் விட்டால் ஈரம் அந்த வழியாகச் சட்டென்று வெளியேறி மரம் வெடித்துவிடும். வேலை தெரிந்தவன் வெட்டிய அன்றே மெழுகோ பசையோ பெயின்ட்டோ பூசிவிடுவான். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் ‘சரி, தொழில் தெரிந்த ஆள்’ என்று மனசு இறங்கிவிட்டது. பெயின்ட்டைச் சுரண்டி வளையம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொன்னேன். “சுரண்டினால் வெடித்துவிடும், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்” என்றான். நேராக பேங்க்கில் போட்டால் தபால் செலவு தன்னுடையது என்றான். போட்டேன். 180.

கட்டை வந்தது. ஈரப்பத மீட்டரைக் குத்தினால் மேலே 11 சதவீதம், அருமை. மரப்பட்டையைச் சீவி, பக்கவாட்டில் ஒரு படலம் எடுத்துவிட்டுக் குத்தினால் 24! ஹீட்டர் பக்கத்தில் வைத்து மேல்தோலை மட்டும் உலர்த்தியிருக்கிறான். முனையை ஒரு அங்குலம் அறுத்துப் பார்த்தால் 40 வளையம் எங்கே, எண்ணினால் 12, 13. அதைவிடக் கொடுமை, பெயின்ட்டுக்கு அடியில் ஒரு வெடிப்பு; அதில் யூ மரத்தூளையும் சூப்பர் குளூவையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறான். நார் போகிற வழியே நேராக ஓடும் சின்ன வெடிப்பென்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். இது ஒன்றரை அடி போய், குறுக்கே சாய்ந்து ஓரத்தில் வெளியேறுகிறது. தட்டை வில்லுக்குக் கை அகலம் முழுவதும் வேண்டும், ஒதுக்கி வெட்ட இடமே இல்லை. நாண் ஏற்றி இழுத்தால் முகத்துக்கு நேரே தெறிக்கும்.

அப்புறம் ஆரம்பித்தது பதில் நாடகம். முதலில், “மரம் இயற்கைப் பொருள், அப்படித்தான் இருக்கும்.” அடுத்து, “உங்கள் வீட்டு ஹீட்டிங்கில் வெடித்திருக்கும்.” வெடித்த பிறகு பசை போட்டு அடைத்ததும் என் வீட்டு ஹீட்டிங்தானா என்று கேட்டேன். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு, “கத்தி வைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது.” கத்தி வைக்காமல் உள்ளே இருப்பதை எந்த மந்திரவாதி பார்ப்பான்? கடைசியில், “நான் கடைக்காரன் இல்லை, தனி ஆள்.” இதை அவன் தெரிந்துதான் சொல்கிறான். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இங்கே வியாபாரியிடம் வாங்கினால்தான். மாதாமாதம் கட்டை விற்கிறவன் எப்படித் தனி ஆள் ஆவான் என்று கேட்டால் பதில் கிடையாது.

அந்தச் சந்தைக்காரர்களிடம் போனால், “பணம் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டுள்ளதால் வருந்துகிறோம்.” மூன்று முறை வெவ்வேறு பெயரில் அதே வரி. பேங்க்கில் கேட்டால், பொருள் வந்துவிட்டதே, இது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்கிறார்கள். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஏங்க, இந்த 180-க்கு முழு வில்லே வந்திருக்குமே?” வந்திருக்கும்.

நேற்று பார்த்தால் அதே படம், அதே சிவப்பு முனை, ‘ஒன்றே ஒன்றுதான் மீதி’ என்று மறுபடி போட்டிருக்கிறான். விலை 195. அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: முனையைப் புதிதாக அறுத்த படம் தராதவனிடம் வாங்காதீர்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், கார்டு கம்பெனியும் சட்டப்படி பொறுப்பு. கட்டை வந்ததும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். வாராவாரம் எடை குறைந்தால் மரம் இன்னும் ஈரம். முதல் வெட்டுக்கு முன் வீடியோ எடுங்கள். யூ மரத்தூள் விஷம், மாஸ்க் இல்லாமல் அரத்தைத் தொடாதீர்கள். சிவப்பு முனை போட்ட அந்த 195 பவுண்டு கட்டையை யாராவது பார்த்துவைத்திருந்தால், பணம் போடுமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என் கட்டையின் படங்களை அனுப்புகிறேன்.