துயரத்துக்கு எந்தக் குறியீடு? சுகாதாரத் தகவல் மேலாண்மையும் கலைப்பிரிவும்

17ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் இறப்புப் பட்டியல் அச்சிடுவார்கள். எந்தக் காரணத்தால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு. காய்ச்சல், கொள்ளைநோய் ஆகியவற்றுக்கு நடுவில் ‘துயரம்’ என்றும் ஒரு காரணம் வரும். ‘பல்’ என்றும் வரும். பல் முளைக்கும் வயதில் இறந்த குழந்தைகளின் கணக்கு அது. ஜான் கிரான்ட் என்ற துணிமணி வியாபாரி அந்தப் பட்டியல்களை ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார்.

சுகாதாரத் தகவல் மேலாண்மை, கலைப்பிரிவு என்ற இரண்டு படிப்புகளில் எது நமக்குச் சரிவரும் என்று குழம்புகிறவர்கள் அந்தத் ‘துயரம்’ என்ற சொல்லையே வைத்துப் பார்க்கலாம். இதை எந்த வகையில் சேர்ப்பது என்று கை பரபரக்கிறதா? தகவல் மேலாண்மைப் பக்கம் போகலாம். துயரத்தால் செத்தார் என்று அச்சடித்த கணக்கிலேயே எழுதியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யோசனை ஓடுகிறதா? உங்கள் இடம் கலைப்பிரிவு.

தகவல் மேலாண்மையில் என்ன படிப்பார்கள் என்பது வெளியே பலருக்குத் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தவர்கள், முதல் வருடமே உடற்கூறியலையும் மருத்துவச் சொற்களையும் பார்த்து மிரள்வார்கள். அப்புறம் நோயியல், மருந்துகள், புள்ளியியல், தரவுத்தளம், நோயாளியின் ரகசியம் காக்கும் சட்டம், காப்பீட்டுக் கணக்கு என்று போகும். நடுநாயகம் மெடிக்கல் கோடிங். டாக்டர் எழுதியதைப் படித்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அதற்குரிய குறியீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதன் 10ஆம் பதிப்பில் இரண்டாம் வகை நீரிழிவு இ11. சிறுநீரகத்தையும் அது பாதித்திருந்தால் இ11.2.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சர்க்கரை அளவு தாறுமாறாக ஏறியிருக்கிறது என்று ஆய்வக அறிக்கை சொன்னாலும், டாக்டர் நீரிழிவு என்று எழுதாத வரை, குறியீடு போடுகிறவரான கோடர் அதைப் போட முடியாது. டாக்டருக்கே கேள்வி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஊகத்துக்கு இடமே இல்லை.

கலைப்பிரிவு அந்த ஊகத்தில்தான் உயிர் வாழ்கிறது. வரலாறோ இலக்கியமோ தத்துவமோ, எழுதப்படாததைப் பற்றியும் கேட்கச் சொல்வார்கள். ஆனால் ஆதாரம் காட்டிக் கேட்க வேண்டும். விடை சரியா தப்பா என்று யாரும் டிக் போட மாட்டார்கள். கட்டுரை திரும்பி வரும்போது ஓரத்தில் ‘ஏன்?’ என்று மட்டும் இருக்கும். இது சிலருக்கு விடுதலை, சிலருக்கு நரகம். மதிப்பெண் எங்கே குறைந்தது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் இங்கே தவித்துப்போவார்கள்.

இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடங்களும் உண்டு. ‘மயோகார்டைட்டிஸ்’ என்ற சொல்லை மயோ, கார்டி, ஐட்டிஸ் என்று உடைத்து, தசை, இதயம், அழற்சி என்று படிப்பது மொழியியல் மாணவருக்கு விளையாட்டு. அதைவிட முக்கியம், அந்தக் குறியீட்டுப் பட்டியலுக்கே ஒரு வரலாறு இருப்பது. 1893இல் ழாக் பெர்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது அது. ஒருபாலீர்ப்பு அதன் முந்தைய பதிப்புகள் சிலவற்றில் ஒரு கோளாறாகவே இருந்தது. 1990இல் ஏற்கப்பட்ட 10ஆம் பதிப்புதான் அதை நீக்கியது. 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில் நீடித்த துயரக் கோளாறு, 6பி42 என்ற குறியீட்டோடு புதிதாக நுழைந்தது. கோடர் 6பி42 போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போகலாம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது கோளாறு என்கிறார்களே, துக்கத்துக்குக் கெடு வைத்தது யார் என்று கேட்க ஆசைப்படுகிறவரைத் தகவல் மேலாண்மைப் பாடத்திட்டம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

வேலை விஷயத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். படிப்பு முடிந்ததும் என்ன வேலை என்ற கேள்விக்குத் தகவல் மேலாண்மைக்காரரிடம் பதில் இருக்கும்: கோடர், புற்றுநோய்ப் பதிவேடு, தரவு ஆய்வு, ரகசியக் காப்பு அதிகாரி. கலைப்பிரிவுக்காரர் கல்வி, பதிப்பு, மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம், சட்டம் என்று பாதையைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். ஆனால் சுலபமான கோடிங்கை மென்பொருளே இப்போது முன்மொழிகிறது. மனிதருக்கு மிஞ்சுவது சிக்கலான கோப்புகளைச் சரிபார்ப்பதும், காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழித்த கோரிக்கைக்கு வாதாடிக் கடிதம் எழுதுவதும். அந்தக் கடிதத்தை நன்றாக எழுத வைப்பது, வேடிக்கையாக, கலைப்பிரிவுப் பயிற்சிதான். அதனால் தகவல் மேலாண்மையை முதன்மைப் பாடமாக எடுக்கிறவர்கள், விருப்பப் பாடம் கிடைத்தால் வரலாற்றையோ எழுத்துப் பயிற்சியையோ எடுங்கள். இன்னொரு கணினித்தாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கலைப்பிரிவு முடித்துவிட்டுச் சான்றிதழ்ப் படிப்பு வழியாகக் கோடிங்குக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களைத் திணறடிப்பது உடற்கூறியல்தான்.

சேரும் முன் கல்லூரியில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். தகவல் மேலாண்மை என்றால், செய்முறைப் பயிற்சி உண்மையான மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் நடக்கிறதா, அந்தப் பட்டத்தோடு தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியுமா? கலைப்பிரிவு என்றால், ஒரு பருவத்தில் எத்தனை கட்டுரை எழுத வைப்பார்கள், அதைத் திருத்தித் தருகிறவர் யார்?