மூளை அலைப் பட்டையும் ஒரு முறுக்கும்

முப்பது வருஷமாக ரேடியோ, டிவி ரிப்பேர் பார்ப்பவன் நான். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கான்டாக்ட் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். மகள் வாங்கித் தந்த இந்த மூளை அலைப் பட்டையில் (தலையில் மாட்டினால் மூளையின் மின் அலையைப் போனில் காட்டும் பட்டை) மட்டும் அதை மறந்துவிட்டேன்.

நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு எலக்ட்ரோடு, அதாவது தோலைத் தொட்டு சிக்னலை எடுக்கும் கான்டாக்ட். மீதி வேலை ப்ளூடூத்தில் போனுக்குப் போய்விடும். முதல் நாள் அரை மணி நேரம் ‘சிக்னல் இல்லை’ என்றே அடம்பிடித்தது. ஆப்பை இரண்டு முறை அழித்துப் போட்ட பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி, காதோரம் தேங்காய் எண்ணெய். ஈரத் துணியால் துடைத்ததும் பிடித்துக்கொண்டது. மண்டைக்கு மேல் கிடைக்கும் மூளை அலை 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். பென் டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விபூதியைத் தாண்டி வருமா? ப்ளக் போர்டு பக்கம் உட்கார்ந்தாலும் போனில் அலைக் கோடு தடிக்கிறது. வீட்டுக் கரண்ட் கிளப்பும், ரேடியோ ரிப்பேரில் நமக்குப் பழக்கமான அதே 50 ஹெர்ட்ஸ் ஹம் இரைச்சல்!

‘மனதைக் குவித்துப் பந்தைத் தூக்குங்கள்’ என்று ஒரு விளையாட்டு. எவ்வளவு குவித்தாலும் பந்து அசையவில்லை. சலித்துப்போய் முறுக்கு ஒன்றைக் கடித்தேன். விர்ரென்று மேலே போனது. தாடைத் தசையின் மின்சாரம் மூளையினுடையதைவிடப் பல மடங்கு பெரியது. அதை ஆப் பிரித்துப் பார்ப்பதில்லை. இதற்குப் பெயர் மனக்குவிப்பாம்! போதாததற்கு விவரமான கணக்கைப் பார்க்க வருஷச் சந்தா வேறு.

ஆனால் ஒன்று நிஜம். மனைவியைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி அசையாமல் இருந்தேன். “ஏங்க, இப்பப் பெரிசா ஆடுதுங்க” என்றாள். திறந்ததும் அடங்கியது. நொடிக்கு 8 முதல் 12 முறை ஆடும் ஆல்ஃபா அலை அது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924இல் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்தார். அவர் கண்ட அலையை நம் வீட்டுக் கூடத்தில் பார்த்ததற்காகவே மகளுக்கு நன்றி சொன்னேன்.

மூளைக்குள் சிப் பொருத்தும் நியூராலிங்க் நிறுவனத்தின் கருவி மாதிரி நினைத்தாலே மவுஸ் நகரும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். 2024 ஜனவரியில் அதை முதலில் பொருத்திக்கொண்ட நோலண்ட் ஆர்பாவுக்கு மண்டையைத் திறந்து, மூளைக்குள்ளேயே 1024 எலக்ட்ரோடுகளை வைத்தார்கள். இந்தப் பட்டை, ஷட்டர் போட்ட கடைக்குள் ஓடும் ரேடியோவை வெளியே நின்று கேட்பது மாதிரி. பாட்டு ஓடுவது தெரியும், வரி பிடிபடாது.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. காலையில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரப் பயன்படுத்துகிறேன். விபூதியைப் பட்டையைக் கழற்றிய பிறகுதான் பூசுகிறேன்.