இரண்டு நாள் போட்டியா, ஒரு பருவ உழைப்பா?

கொடைக்கானலில் தொழில் தொடங்குவோருக்கு மாணவர்கள் இரண்டு வழிகளில் உதவலாம். ஒன்று, இரண்டு நாள் யோசனைப் போட்டி. செலவு குறைவு, புது முகங்கள் அறிமுகமாகும், அதோடு சரி. மற்றொன்று, ஒரு பருவம் முழுக்க ஒரே தொழிலோடு இருப்பது. என் ஓட்டு இதற்குத்தான்.

கொடைக்கானலை அடுத்த பூம்பாறை கிராமத்தில் புகையேறித் தொங்கும் மலைப்பூண்டுக் கட்டுகளைப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. காயக் காய எடை குறையும், விலைக்கணக்கு மாறும். விதைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது தனிக்கணக்கு. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் இதெல்லாம் பிடிபடும். (மழையில் மலைப்பாதை அடைபட்டால் பார்சல் என்னவாகும் என்பதும்தான்.) அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மலையிலேயே இருக்கிறது. அங்குள்ள மாணவிகள் காலையில் பஸ் ஏறினால் போதும்.